பழைய லேப்டாப்பில் காசு போடாதே என்பவர்களுக்கு

"அஞ்சு வருஷம் ஓடிடுச்சா? இனிமே அதுல ஒரு ரூபாகூடப் போடாதீங்க, புதுசு வாங்கிடுங்க." ஊத்துக்கோட்டை பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளிலும், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பவர்கள் பேச்சிலும், பொன்னேரிக்கும் திருவள்ளூருக்கும் கல்லூரி போய்வரும் பிள்ளைகள் வாயிலும் இந்த அறிவுரைதான். பின்மூடியைக் கழற்றிப் பார்ப்பதில்லை. எத்தனை ஜிபி ரேம் என்று கேட்பதில்லை. வாங்கிய வருடத்தைக் கேட்டதும் தீர்ப்பு வந்துவிடுகிறது. இந்தத் தீர்ப்பு தவறு. மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் வீடுகளுக்கு இது கைக்காசை விரயமாக்கும் தவறும்கூட. ஆகவே இதைப் பொதுவாகக் கண்டித்துவிட்டுப் போகாமல், ஒவ்வொரு வாதமாக எடுத்து மறுக்க வேண்டியிருக்கிறது.

அவர்கள் தரப்பை முதலில் நியாயமாகவே சொல்லிவிடுகிறேன். பழைய இயந்திரத்தில் இன்று ரேம் போட்டால் நாளை பேட்டரி போகும், மறுநாள் கீபோர்டு போகும், செலவுக்கு முடிவே இருக்காது என்கிறார்கள். ப்ராசசரே பழசாகிவிட்ட பிறகு ரேமை மட்டும் கூட்டி என்ன பயன் என்று கேட்கிறார்கள். விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது, அந்த லேப்டாப் இனிப் பாதுகாப்பில்லை என்கிறார்கள். ரேம் விலை கண்டபடி ஏறிவிட்டது, அந்தப் பணத்தைப் புதியதில் போடுவதே புத்திசாலித்தனம் என்கிறார்கள். புதியது தவணையில் கிடைக்கிறது, கூடவே வாரண்டியும் வருகிறது என்றும் சேர்த்துக்கொள்கிறார்கள். இவை ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை இருக்கிறது, அதனால்தான் கேட்பவர்கள் நம்பிவிடுகிறார்கள். ஆனால் இவற்றிலிருந்து அவர்கள் வந்து சேரும் முடிவு நிற்காது. ஏன் நிற்காது என்று வரிசையாகப் பார்ப்போம்.

1. வயதா காரணம்?

சிலிக்கான் சில்லு ஐந்து வருடத்தில் களைத்துப்போவதில்லை. வாங்கிய அன்று ஒரு ப்ராசசர் நொடிக்கு எத்தனை கணக்குப் போட்டதோ, சூடு கட்டுக்குள் இருந்தால் இன்றும் அத்தனையே போடும். ரேமும் அப்படித்தான். லேப்டாப்பில் தேய்பவை வேறு: விசிறியில் தூசு அடைகிறது, ப்ராசசர் மேல் தடவிய வெப்பப் பசை காய்ந்துபோகிறது, பேட்டரியின் கொள்ளளவு குறைகிறது, ஹிஞ்ச் தளர்கிறது, சுழலும் ஹார்ட் டிஸ்க் பழுதாகிறது. இவை எல்லாமே தனித்தனியாக மாற்றக்கூடியவை, அல்லது சுத்தம் செய்யக்கூடியவை.

பிறகு ஏன் மெதுவாகிறது? இயந்திரம் அப்படியேதான் இருக்கிறது, அதன்மேல் ஏற்றும் சுமைதான் கூடிவிட்டது. 2008-இல் குரோம் உலாவி வந்தபோது, வெவ்வேறு பக்கங்களைத் தனித்தனி நிரல்களாகப் பிரித்து ஓட்டும் முறையைக் கொண்டுவந்தது. ஒரு பக்கம் செயலிழந்தாலும் மற்றவை விழாமல் இருக்க அது நல்ல ஏற்பாடு. ஆனால் அதற்கான விலையை நினைவகத்தில்தான் கொடுக்கிறோம். இன்று வாட்ஸ்அப் வெப், ஜிமெயில், கல்லூரி இணையதளம், யூடியூப் பாடம் என்று நாலைந்து பக்கம் திறந்தாலே ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான எம்பி கேட்கிறது. 4 ஜிபி தாராளமாக இருந்த காலத்தில் வாங்கிய இயந்திரம் இன்று அந்த 4 ஜிபிக்குள் மூச்சுத் திணறுகிறது. அதன் குறை வயதில் இல்லை, இடத்தில் இருக்கிறது.

ஆரணி ஆற்றங்கரையில் பயிர் செய்யும் எந்த விவசாயியும், மோட்டார் தண்ணீர் குறைவாகக் கொட்டுகிறது என்றவுடன் புது மோட்டார் வாங்கக் கிளம்புவதில்லை. கிணற்றில் நீர்மட்டம் எங்கே நிற்கிறது, புட் வால்வு கசிகிறதா, கெப்பாசிட்டர் போயிருக்கிறதா, கரண்ட் இரண்டு பேஸ்தான் வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, எது குறையோ அதை மாற்றுகிறார். அந்தச் சாதாரண விவேகம் லேப்டாப் விஷயத்தில் மட்டும் ஏன் காணாமல் போக வேண்டும்?

2. அளந்து பார்த்தீர்களா?

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். இதற்குக் காசு தேவையில்லை, கடைக்காரர் தேவையில்லை. வழக்கமாக நீங்கள் செய்யும் வேலையை அப்படியே திறந்து வைத்துக்கொள்ளுங்கள். உலாவியில் நாலு பக்கம், ஒரு வேர்டு கோப்பு, ஒரு பிடிஎஃப். பிறகு சிபியு, மெமரி, டிஸ்க் என்ற மூன்று பத்திகளையும் பாருங்கள்.

ஹார்ட் டிஸ்க் உள்ள 4 ஜிபி இயந்திரத்தில் பெரும்பாலும் என்ன தெரியும் என்றால், மெமரி 90 விழுக்காட்டுக்கு மேல் நிற்கும், டிஸ்க் 100 விழுக்காட்டில் சிவந்து கிடக்கும், ஆனால் அந்த டிஸ்க்கில் உண்மையில் ஓடும் தரவு நொடிக்கு ஓரிரு எம்பிதான் இருக்கும். சிபியு 20, 30 விழுக்காட்டில் சும்மா காத்திருக்கும். புத்தகம் போல வாசிக்கலாம் இந்தக் காட்சியை. ரேம் நிரம்பிவிட்டது, நிரம்பி வழிவதை விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு கோப்பில் கொட்டி வைக்கிறது, தேவைப்படும்போது அங்கே போய்த் துண்டு துண்டாகத் தேடி எடுக்கிறது.

அந்தத் தேடலின் செலவு சாதாரணமானதல்ல. ரேமிலிருந்து ஒரு தரவை எடுக்க ஆவது சுமார் 100 நானோ விநாடி. சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் அதைத் தேடிப் பிடிக்க 10 மில்லி விநாடிக்கு மேல் ஆகும். வித்தியாசம் ஒரு லட்சம் மடங்கு. எஸ்எஸ்டி என்றால் ஏறத்தாழ 0.1 மில்லி விநாடி, அதாவது ஹார்ட் டிஸ்க்கைவிட நூறு மடங்கு விரைவு. "ஹேங் ஆகுது" என்று நாம் அலுத்துக்கொள்வதில் பெரும்பகுதி ப்ராசசரின் இயலாமை அல்ல, அது இந்த வட்டின் வாசலில் காத்துக் கிடக்கும் நேரம்.

ஆகவே தீர்ப்பு எண்ணிலிருந்து வர வேண்டும். வேலை நடக்கும்போது மெமரி 85 விழுக்காட்டைத் தாண்டி நின்றால் ரேம் தேவை. மெமரி பாதியில் நிற்க, டிஸ்க் மட்டும் 100-இல் நின்றால் தேவை எஸ்எஸ்டி, ரேம் அல்ல. இரண்டும் அடங்கியிருக்க சிபியு மட்டும் 100-ஐத் தொட்டுக்கொண்டிருந்தால் முதலில் தூசும் சூடும் வைரஸும் சரிபார்க்க வேண்டும். அதன் பிறகும் அப்படியே இருந்தால் ப்ராசசர் போதவில்லை, ரேமுக்குச் செலவழிப்பது வீண். மூன்று எண்கள், மூன்று வெவ்வேறு முடிவுகள். எல்லாவற்றுக்கும் "புதுசு வாங்கு" என்ற ஒரே பதிலைச் சொல்கிறவர் எதையுமே பார்க்கவில்லை என்றுதான் பொருள்.

3. ப்ராசசர் பழசு என்றால் வேலை நடக்காதா?

இந்தக் கேள்விக்கான பதில் நம் மாவட்டத்து வீடுகளிலேயே கிடக்கிறது. 2011 செப்டம்பர் 15 அன்று, திருவள்ளூரை அடுத்த காக்களூரில்தான் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அடுத்து வந்த ஆண்டுகளில் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் வழியாகக் கொள்முதல் செய்யப்பட்ட 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்புகள் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் போயின. தொடக்கத்தில் வந்தவை 2 ஜிபி ரேம் கொண்டவை, பின்னால் வந்தவை 4 ஜிபி. எல்லாமே சுழலும் ஹார்ட் டிஸ்க்கை நம்பியவை. கொரோனாவுக்குப் பின் திட்டம் நின்றுபோனது. 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் கருவிகள் தரப்படும் என்ற அறிவிப்பு வந்தது. 2026 ஜனவரியில் கொடுக்கத் தொடங்கிய புதிய லேப்டாப்புகளில் இருப்பவை 8 ஜிபி ரேமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 4 ஜிபி 8 ஆகியிருக்கிறது, ஹார்ட் டிஸ்க் எஸ்எஸ்டி ஆகியிருக்கிறது. இடமிருந்தால், இவ்விரண்டு உறுப்புகளையும் பழைய இயந்திரத்திலும் மாற்றிக்கொள்ளலாம். மூன்றாவது வேறுபாடு ப்ராசசர். அதை மாற்ற முடியாது, புதியது நிச்சயமாக மேலானது. ஆனால் கல்லூரிப் பிள்ளை ஒருத்தி அசைன்மெண்ட் தட்டச்சு செய்யவும், ஆன்லைன் வகுப்பு கேட்கவும், பைத்தான் பழகவும், உதவித்தொகை விண்ணப்பம் நிரப்பவும், செங்கல் சூளைக்காரர் ஒருவர் கணக்கு எழுதவும் ஜிஎஸ்டி தாக்கல் செய்யவும் அந்த மூன்றாவது வேறுபாடு எவ்வளவு தேவைப்படுகிறது? டாஸ்க் மேனேஜரில் சிபியு பத்தி பாதிக்குக் கீழே நிற்கும்வரை, தேவைப்படவில்லை என்பதுதான் பதில்.

இங்கே இன்னொரு நுணுக்கமும் உண்டு. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில், திரையில் படம் காட்டும் வேலைக்கும் ரேமிலிருந்தே ஒரு பங்கு எடுத்துக்கொள்ளப்படும். செட்டிங்ஸில் போய்ப் பார்த்தால், 4 ஜிபி என்று எழுதி, பயன்படுத்தத்தக்கது அதைவிடக் குறைவு என்று காட்டும். ஏஎம்டி ப்ராசசர் உள்ள பல மாடல்களில் இந்தக் கழிவு கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இருக்கும். அப்படிப்பட்ட இயந்திரத்தில் காலியாக உள்ள இரண்டாவது ஸ்லாட்டில் அதே வகை ரேம் ஒன்றைச் செருகினால் இடம் கூடுவதோடு, இரண்டு ரேம்களும் சேர்ந்து ஒரே நேரத்தில் தரவு தருவதால் கிராபிக்ஸும் முன்னைவிட நன்றாக ஓடும். ப்ராசசர் பழசு என்று ஒதுக்கப்பட்ட இயந்திரத்தின் ப்ராசசருக்கே கைகொடுக்கும் செலவு இது.

4. விண்டோஸ் 10 முடிந்தால் லேப்டாப்பும் முடிந்ததா?

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது உண்மை. விண்டோஸ் 11-க்குப் போக 4 ஜிபி ரேம், டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு, இன்டெல் என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய ப்ராசசர் ஆகியவை வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் இந்த நிபந்தனைகளை நிறைவேற்றும் இயந்திரங்களும், 2018-க்குப் பின் வாங்கியவையாக நம்மூரில் ஏராளமாக இருக்கின்றன. ஐந்து வருடம் ஆகிவிட்டது என்பதாலேயே இவற்றையும் சேர்த்து ஒதுக்குகிறார்கள். 4 ஜிபியில் விண்டோஸ் 11 நிறுவ அனுமதி கிடைக்கும், நிம்மதி கிடைக்காது. 8 ஜிபி ஆக்கினால் அதே இயந்திரம் இன்னும் சில வருடம் ஓடும். இங்கே விண்டோஸ் வாதம் ரேம் போடுவதற்கே ஆதரவாக நிற்கிறது.

தகுதி பெறாத இயந்திரங்களுக்கும் வழி அடைபடவில்லை. லினக்ஸ் இருக்கிறது. இது ஏதோ கணினிப் பொறியாளர்களின் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது. கேரள அரசுப் பள்ளிகளில் கைட் நிறுவனம் ஆண்டுக்கணக்காக லினக்ஸில்தான் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருகிறது. நம் எல்காட்டே 2007 வாக்கில் தன் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியது. இலவச லேப்டாப்புகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சி-டாக் உருவாக்கிய இந்திய லினக்ஸ் அது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதைத் திறந்து காட்ட ஆளில்லாமல் போனதுதான் குறை. இன்று லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றை 8 ஜிபியும் எஸ்எஸ்டியும் உள்ள பழைய லேப்டாப்பில் போட்டால் உலாவி, லிப்ரே ஆபிஸ், தமிழ்த் தட்டச்சு, நிரல் பயிற்சி எல்லாமே தடையில்லாமல் நடக்கும், பாதுகாப்புத் திருத்தங்களும் காசில்லாமல் வந்துகொண்டிருக்கும். விண்டோஸில் மட்டுமே ஓடும் டேலியோ ஆட்டோகேடோ கட்டாயம் வேண்டும் என்பவருக்கு இந்த வழி பொருந்தாது. அவர் தன் தேவையைச் சொல்லி முடிவெடுக்கட்டும். மற்ற எல்லோருக்கும் சேர்த்து அவர் தேவையைச் சட்டமாக்க வேண்டியதில்லை.

5. ரேம் விலை ஏறியது யாருக்கு?

ஏறியிருக்கிறது, மறுக்கவில்லை. உலகில் ரேமுக்கான டிராம் சில்லுகளில் மிகப் பெரும்பகுதியைத் தயாரிப்பவை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று நிறுவனங்கள்தான். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் பசிக்கு அவை தங்கள் உற்பத்தியைத் திருப்பிவிட்டிருக்கின்றன. பொதுமக்களுக்கு ரேம் விற்ற தன் குரூஷியல் வணிகத்தையே விட்டு விலகுவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. சென்னை ரிச்சி தெருவில் விலைப்பட்டியல் கிழமைக்குக் கிழமை மாறுவதன் வேர் அங்கே இருக்கிறது.

ஆனால் இந்த உண்மையிலிருந்து "எனவே புதியது வாங்கு" என்ற முடிவு எப்படி வரும்? புதிய லேப்டாப்புக்குள்ளும் அதே மூன்று நிறுவனங்களின் ரேம்தான் இருக்கிறது. எஸ்எஸ்டி சில்லுகளுக்கும் அதே நெருக்கடிதான். விலையேற்றம் உங்கள் ஒற்றை ரேமில் ஒருமுறை விழுகிறது என்றால், புதிய இயந்திரத்தில் ரேம், எஸ்எஸ்டி இரண்டிலும் விழுந்து, அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேர்ந்து வருகிறது. உங்களிடம் ஏற்கெனவே உள்ள திரை, கீபோர்டு, ப்ராசசர், சார்ஜர் அத்தனைக்கும் இரண்டாம் முறை பணம் கட்டுகிறீர்கள். உதிரி பாகம் அரிதாகி விலை ஏறும் காலத்தில், கையில் உள்ளதைக் காப்பாற்றுவதன் மதிப்பு கூடுமே தவிரக் குறையாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்ல வேண்டும். குறைந்த விலையில் வரும் மெல்லிய புதிய லேப்டாப்புகள் பலவற்றில் ரேம் மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கிறது. கூட்டவும் முடியாது, மாற்றவும் முடியாது. ஸ்லாட் உள்ள பழையதைத் தூக்கிப்போட்டு, ஸ்லாட் இல்லாத 8 ஜிபி புதியதை வாங்குகிறவர், நான்கு வருடம் கழித்து இன்றைக்கு இருக்கும் வாய்ப்புகூட இல்லாமல் நிற்பார். புதிது வாங்கச் சொல்கிறவர்களில் எத்தனை பேர் இதை வாங்குபவரிடம் சொல்கிறார்கள்?

6. தவணையில் வந்தால் சும்மா வந்ததா?

தேர்வாய் கண்டிகையிலும் கும்மிடிப்பூண்டியிலும் ஒப்பந்தத் தொழிலாளியாகப் போகிறவரின் வீட்டுக் கணக்கை நினைத்துப் பாருங்கள். வேலை இந்த மாதம் இருக்கிறது, ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டால்தான் அடுத்த மாதமும் இருக்கும். அந்த வீட்டில் 30,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள ஒரு பொருள் தவணையில் நுழைகிறது என்றால், ஒன்றரை, இரண்டு வருடத்துக்கு வருமானத்தின் மேல் ஒரு பிடி விழுகிறது என்று அர்த்தம். ஒரு தவணை தவறினால் அபராதம், பிறகு கடன் மதிப்பெண்ணில் வடு, பிறகு உண்மையிலேயே அவசரக் கடன் தேவைப்படும் நாளில் வங்கியின் மறுப்பு. "வட்டியில்லாத் தவணை" என்ற பேச்சையும் அப்படியே நம்ப வேண்டாம். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை விட்டுக் கண்டித்திருக்கிறது. வட்டி பொருளின் விலைக்குள் ஒளிந்திருக்கும், அல்லது செயலாக்கக் கட்டணமாக வரும், அல்லது ரொக்கத்துக்குக் கிடைத்திருக்க வேண்டிய தள்ளுபடி காணாமல் போகும்.

வாரண்டி வருகிறதே என்பார்கள். வருகிறது, பெரும்பாலும் ஒரு வருடம். தவணையே முடியாத காலத்தில் வாரண்டி முடிந்துவிடும். "இன்று ரேம், நாளை பேட்டரி" என்ற முதல் வாதத்துக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. புதியதும் இரண்டாவது வருடத்திலிருந்து அதே பழுதுகளுக்கு ஆளாகும் இயந்திரம்தான். ஐந்து வருடம் மதர்போர்டு கோளாறு இல்லாமல் ஓடிய லேப்டாப் தன் உறுதியை ஓரளவு நிரூபித்துவிட்டது. பிரித்துக்கூடப் பார்க்காத புதியது இன்னும் நிரூபிக்கவில்லை. வாங்கப்போவது சந்தேகமில்லாதது, கையிலிருப்பது மட்டும் சந்தேகத்துக்குரியது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது நேர்மையான கணக்கு ஆகாது.

7. தூக்கிப்போட்டால் எங்கே போகும்?

ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் மின்கழிவு அறிக்கைப்படி, 2022-இல் உலகம் உண்டாக்கிய மின்கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது நான்கில் ஒரு பங்குகூட இல்லை. மற்றதில் ஒரு பங்கு பழைய இரும்புக் கடை வழியாக எரிப்பதற்கும் அமிலத்தில் ஊறவைப்பதற்கும் போகிறது. ஆலைப் புகையோடும் உருக்காலைத் தூசோடும் வாழ்கிற மக்கள் நாம். சர்க்யூட் போர்டு எரியும் புகை யார் நெஞ்சுக்குள் போகும் என்பது நமக்குப் பாடமாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு லேப்டாப் தன் வாழ்நாளில் வெளிவிடும் கரியமில வாயுவில் பெரும்பகுதி, அதைத் தயாரிக்கும்போதே வெளிவந்துவிடுகிறது. அதை மூன்று வருடம் கூடுதலாக ஓட்டுவது, மின்சாரத்தை மிச்சப்படுத்தும் எந்தப் புதிய மாடலை வாங்குவதைவிடவும் பெரிய சேமிப்பு.

இவ்வளவும் சொன்னதால், எல்லாப் பழைய லேப்டாப்பிலும் ரேம் போடுங்கள் என்று சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதுவும் அளக்காமல் சொல்லும் தீர்ப்புதான். எங்கே போடக் கூடாது என்பதையும் தெளிவாகச் சொல்கிறேன். ரேம் சால்டர் செய்யப்பட்டு, தனி ஸ்லாட்டும் இல்லையென்றால் வழியே இல்லை. 2 ஜிபியோடு வந்த முதல் காலத்து இயந்திரங்களில் 32 பிட் விண்டோஸ் இருந்தால் எவ்வளவு ரேம் போட்டாலும் 4 ஜிபிக்கு மேல் அது பார்க்காது. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் பதிப்பு என்றால் 2 ஜிபியோடு நின்றுவிடும். அங்கே ரேமோடு இயங்குதளத்தையும் மாற்றினால்தான் பயன். மதர்போர்டு அடிக்கடி உயிர்விடுகிறது, ஹிஞ்ச் உடைந்து திரை தொங்குகிறது, பேட்டரி உப்பியிருக்கிறது என்று பல கோளாறுகள் சேர்ந்திருந்தால் மொத்தச் செலவையும் கூட்டிப் பார்க்க வேண்டும். அந்தக் கூட்டுத்தொகை புதியதன் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நானும் போடாதீர்கள் என்றே சொல்வேன். ஏற்கெனவே 8 ஜிபி இருந்து, அதில் பாதிதான் பயன்படுகிறது என்றால், இன்னொரு 8 போட்டு ஒரு நொடிகூட மிச்சமாகாது. காலியாகக் கிடக்கும் ரேம் வேகம் தராது.

போடுவது என்று முடிவானால் எதைப் போடுவது என்பதிலும் கவனம் வேண்டும். பழைய ரேமைக் கழற்றி அதன் மேல் ஒட்டியுள்ள சீட்டைப் படியுங்கள். பிசி3 என்றிருந்தால் டிடிஆர்3, 1.5 வோல்ட். பிசி3எல் என்றிருந்தால் டிடிஆர்3எல், 1.35 வோல்ட். பிசி4 என்றால் டிடிஆர்4, 1.2 வோல்ட். டிடிஆர்3 ஸ்லாட்டில் டிடிஆர்4 நுழையவே நுழையாது, வெட்டுக்குறி வேறு இடத்தில் இருக்கும். ஆனால் 1.5 வோல்ட் ரேமும் 1.35 வோல்ட் ரேமும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஒரே ஸ்லாட்டில் நுழையும். 1.35 வோல்ட் மட்டுமே ஏற்கும் மாடலில் 1.5 வோல்ட் ரேமைப் போட்டால் லேப்டாப் எழாது. "ரேம் போட்டும் வேலை செய்யல" என்று ஊரில் சுற்றும் கதைகளில் சிலவற்றுக்குக் காரணம் 'எல்' என்ற இந்த ஒரு எழுத்து. ரேமைச் சாய்வாகச் செருகி, கீழே அழுத்தினால் இருபுறக் கொக்கிகளும் டக்கென்று மாட்டிக்கொள்ளும். அந்தச் சத்தம் வராவிட்டால் சரியாக உட்காரவில்லை. செருகிய பின் திரை வரவில்லை என்றால் பதறாமல் மறுபடி கழற்றி, தங்கநிறக் கால்களை அழிரப்பரால் மெதுவாகத் துடைத்துவிட்டு மாட்டிப் பாருங்கள். தேர்ந்த மெக்கானிக் முதலில் செய்வதும் அதைத்தான். ஹார்ட் டிஸ்க்கும் 4 ஜிபியும் சேர்ந்து இருக்கும் இயந்திரத்துக்கு, கையில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், முதலில் எஸ்எஸ்டி, அடுத்த மாதம் ரேம் என்பதே சரியான வரிசை. எஸ்எஸ்டி வந்துவிட்டால் நினைவகம் வழிந்தாலும் தண்டனை நூறில் ஒரு பங்காகிவிடுகிறது.

இனி இது தனிமனிதர் முடிவாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. கடைக்காரர்களிடம் கேட்பது ஒன்றுதான்: வருடத்தைக் கேட்பதற்கு முன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வாடிக்கையாளருக்குக் காட்டுங்கள். அளந்து சொல்லும் கடைக்கு ஊர் திரும்பத் திரும்ப வரும். அரசிடம் கேட்க வேண்டியதோ பெரியது. 50 லட்சத்துக்கும் மேல் லேப்டாப் கொடுத்த மாநிலம், அவற்றில் இன்னும் உயிரோடு இருப்பவற்றுக்கு ஸ்லாட் இருந்தால் ரேமும் எஸ்எஸ்டியும் போட்டுத்தரும் முகாம்களை அரசு பாலிடெக்னிக்குகளிலும் ஐடிஐகளிலும் நடத்தலாம். பிள்ளைகளுக்குத் தொழிற்பயிற்சியாகவும் ஆகும், இயந்திரங்களுக்கு மறுவாழ்வாகவும் ஆகும். இனி எல்காட் விடும் ஒவ்வொரு ஒப்பந்தப்புள்ளியிலும், ஒரு ரேம் ஸ்லாட்டாவது திறந்திருக்க வேண்டும், பின்மூடி சாதாரணத் திருப்புளியால் கழல வேண்டும் என்று எழுத வேண்டும். பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் தனி இணையதளமே திறந்தது. லட்சக்கணக்கில் வாங்குகிற மாநில அரசு அந்த உரிமையைக் கொள்முதல் நிபந்தனையாக்கினால், தயாரிப்பாளர்கள் கேட்டே ஆக வேண்டும்.

லேப்டாப் வைத்திருக்கிறவரிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: அது எப்போது வாங்கியது என்று அடுத்தமுறை யாராவது கேட்டால், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாதீர்கள். மெமரி எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு, ஸ்லாட் காலியா என்று அவரைக் கேளுங்கள். இந்த மூன்றுக்கும் பதில் தெரியாதவர் சொல்லும் அறிவுரைக்கு, உங்கள் வீட்டின் ஒன்றரை வருட வருமானத்தை அடமானம் வைக்க எந்த நியாயமும் இல்லை.